பிராட்மன் கட்சிக்காரர்

என் வீட்டுக்காரர் பிறந்ததிலிருந்து கிரிக்கெட் மட்டையைக் கையால் தொட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் மற்றப் பையன்கள் ஆடும்போது இவர் மரத்தடியில் உட்கார்ந்து ஸ்கோர் சொல்லிக்கொண்டிருப்பாராம். என் மாமியாரே சொல்லியிருக்கிறார். இன்றைக்கும் ஒரு சாவியைத் தூக்கிப் போட்டால் பிடிக்கத் தெரியாது, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொள்வார். இப்பேர்ப்பட்ட மனுஷன்தான் உலகத்தின் தலைசிறந்த டெஸ்ட் ஆட்டக்காரர் யார் என்று தீர்ப்புச் சொல்லவே அவதாரம் எடுத்தவர். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அவளாவது ஆடிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

அவருக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் லிஃப்ட் மெக்கானிக் வேலை. வேலையில் அவரைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். கதவு மூடுகிற சத்தத்தைக் கேட்டே உருளை தேய்ந்திருக்கிறதா, தடத்தில் தூசியா என்று சொல்லிவிடுவார். நானும் அதே ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறேன். துணி அறையில் வேலை. சலவையிலிருந்து சூடாக வரும் படுக்கை விரிப்புகளை மடித்து, வார்டு வாரியாக அடுக்கி அனுப்ப வேண்டும். துணி அறைக்கும் மெக்கானிக்குகளின் பட்டறைக்கும் நடுவில் ஒரு சுவர். சுவர் என்று மரியாதைக்குச் சொல்கிறேன், வெறும் பலகை. அந்தப் பக்கம் யாராவது தும்மினால் இந்தப் பக்கம் நான் மூக்கைத் துடைத்துக்கொள்ள வேண்டும்.

அந்தப் பலகைக்குப் பின்னால்தான் டீ நேரத்தில் உலக நீதிமன்றம் கூடும். லிஃப்ட், பிளம்பிங், கரண்ட், பாய்லர் என்று எல்லாப் பிரிவு ஆண்களும் ஆஜர். ஒரே நேரத்தில் எல்லோரும் கத்தினால் யாருக்கும் யார் பேச்சும் கேட்பதில்லை என்று அவர்களாகவே ஒரு சட்டம் போட்டிருக்கிறார்கள். பெரிய ஸ்பேனர் ஒன்று இருக்கிறது. அது யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும் பேசலாம். வளர்ந்து, மீசை நரைத்து, பிள்ளை குட்டி பெற்ற ஆண்கள் ஒரு ஸ்பேனருக்காகக் கை நீட்டிக் காத்திருப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எனக்குச் சிரிப்புக்கூட வரவில்லை. தூ என்றிருந்தது.

என் வீட்டுக்காரர் பிராட்மன் கட்சி. எதிர்க்கட்சித் தலைவர் பாய்லர்காரர். கீழ்த்தளத்தில் பாய்லரை ஓட்டுகிறவர். தடித்த குரல், சட்டைப் பையில் எப்போதும் ஒரு சீப்பு. அவர் சோபர்ஸ் கட்சி. வேறு பெயர்களும் வந்து போகும். லாரா, வார்ன், மார்ஷல், முரளி எல்லோரையும் கூப்பிட்டு நிற்கவைத்து, உயரம் அகலம் பார்த்து, பிறகு துரத்திவிடுவார்கள். கடைசியில் மிஞ்சுவது அந்த இரண்டு பேர்தான்.

"சோபர்ஸ் வேகமாவும் போடுவான், ரெண்டு விதமா சுழலும் போடுவான். எங்க நிக்க வச்சாலும் கேட்ச் பிடிப்பான். இறங்கினா முன்னூத்தி அறுபத்தஞ்சு அடிப்பான். உன் ஆளு பேட்டைத் தவிர என்னத்தைத் தூக்கினான்?" இது பாய்லர்காரர்.

"அவனுக்கும் அவனுக்கு அடுத்து நிக்கிறவனுக்கும் நடுவுல ஒரு ஊரே இருக்குடா! சராசரி தொண்ணூத்தொம்பது புள்ளி தொண்ணூத்திநாலு! சும்மாவா?" இது என் வீட்டுக்காரர்.

நேற்றும் இதையே சொன்னார்கள், நாளைக்கும் இதையே சொல்வார்கள். ஒருவர் மனதை ஒருவர் மாற்றியதாக இதுவரை சரித்திரம் இல்லை. செக்கு மாடாவது சுற்றினால் எண்ணெய் வரும்.

பிராட்மன் தன் கடைசி ஆட்டத்தில் நாலு ரன் எடுத்திருந்தால் சராசரி நூறாகியிருக்கும், பூஜ்யத்தில் போய்விட்டார் என்பது ஊரறிந்த கதை. அந்த நாலு ரன்னைப் பற்றிப் பேசும்போதெல்லாம் என் வீட்டுக்காரரின் குரல் உடைந்துபோகும். எனக்குப் பிரசவ வலி எடுத்து அதே ஆஸ்பத்திரியில் மூன்றாம் மாடியில் துடித்துப் பெற்றபோது, மகள் பிறந்திருக்கிறாள் என்று ஆயா போய்ச் சொன்ன இடத்தில், இவர் "ஒரு நிமிஷம்மா, ஸ்பேனர் இப்பதான் கைக்கு வந்துச்சு" என்றிருக்கிறார். ஆயா என்னிடம் வந்து சொன்னாள். நான் அதை இன்னும் செரிக்கவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஒரே ஆள், யாரையோ பார்க்க வந்தவர். இவர் மேல் மாடிக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, "பயப்படாதீங்க சார், இதோ ஆயிடும்" என்று தைரியம் சொன்னார். உள்ளேயிருந்தவர் சும்மா இருந்திருக்கலாம். "அவசரமில்ல தம்பி. நான் லாரா ஆடினதைப் பார்த்தவன். பொறுமைன்னா என்னன்னு எனக்குத் தெரியும். அவனை மாதிரி இன்னொருத்தன் பொறந்து வரணும்" என்று ஒரு வார்த்தை விட்டுவிட்டார். போச்சு. இவர் அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். நர்ஸ் வந்து பார்க்கும்போது லிஃப்ட் எப்போதோ சரியாகிவிட்டிருந்தது. அந்த ஆளை மேலே கொண்டுவரத்தான் இவருக்கு மனம் வரவில்லை, வாதம் முடியவில்லையாம். இன்ஜினியர் கூப்பிட்டுக் கேட்டதற்கு, "அவர் சராசரியே பாக்காம பேசுறாரு சார்" என்று பதில் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து ஆஸ்பத்திரி முழுக்க இவருக்கு 'மூணாவது அம்பயர்' என்று பெயர். இவருக்கு அதில் பெருமை வேறு.

சரி, வெளியில் இவ்வளவு பேசுகிற மனுஷன் வீட்டில் எப்படி என்று கேட்கிறீர்களா? வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும். "ம்." "சரி." "வச்சிரு." "அப்புறம் பாக்கலாம்." கல்யாணம் ஆன நாளிலிருந்து என்னிடம் அவர் பேசியதையெல்லாம் சேர்த்தாலும் ஒரு டீ நேரத்துக்குக் காணாது. அவர் எதற்குக் கோபப்படுவார், எதற்கு உருகுவார், எந்த இடத்தில் நகைச்சுவையாகப் பேசுவார் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். பலகைக்கு இந்தப் பக்கம் விரிப்பு மடித்தபடி நின்று தெரிந்துகொண்டதுதான்.

இந்த லட்சணத்தில் என் மகள் போய்க் காதலித்தது பாய்லர்காரரின் மகனை. அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவன் எங்கள் ஆஸ்பத்திரியிலேயே எக்ஸ்ரே எடுக்கிறவன். நல்ல பையன், நிமிர்ந்து பார்த்துப் பேசுவான். அவன் சின்னப் பையனாக இருக்கும்போதே அம்மா இறந்துவிட்டாள். வளர்த்தது எல்லாம் அத்தைதான். பாய்லர்காரரின் அக்கா. அந்த அத்தை சரி என்றால் கல்யாணம், வேண்டாம் என்றால் வேண்டாம். அந்தக் குடும்பத்தில் அதற்கு மேல் பேச்சு கிடையாது. அவர் எங்கள் ஆஸ்பத்திரியின் மேட்ரன், நர்ஸ்களுக்கெல்லாம் தலைவி. வராந்தாவில் அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே டாக்டர்கள் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொள்வார்கள்.

அந்த மேட்ரன் அம்மாவுக்கு இந்த இரண்டு வீரர்களைப் பற்றியும் ஏற்கனவே தெரியும். ஸ்டோர்காரர் ஒருவர் ஓய்வுபெற்றபோது கேன்டீனில் விருந்து வைத்தார்கள். மேட்ரன் அம்மாதான் தலைமை. அவர் பேசி முடிப்பதற்குள் மூலையில் பாய்லர்காரர், "உன் ஆளு ரெண்டே நாட்டு மண்ணுலதானேடா ஆடினான்?" என்றார். இவர் பாய்ந்தார். மேசை சாய்ந்தது. கேக் முழுவதும் மேட்ரன் அம்மாவின் செருப்பில். அவர் குனிந்து பார்த்துவிட்டு, "காட்டுமிராண்டிங்களா" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

அதனால் பையன் வீட்டார் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவதாக முடிவானபோது என் மகள் சும்மா இருக்கவில்லை. அப்பாவின் முன்னால் போய் நின்றாள்.

"அப்பா, அன்னிக்கு ஒரு நாள் மட்டும் கிரிக்கெட் பேச்சே எடுக்கக் கூடாது. என் தலைமேல அடிச்சு சத்தியம் பண்ணுங்க."

"நான் எங்கம்மா பேசப்போறேன்? அவன் வாயை மூடிட்டு இருந்தா..."

"அவர்கிட்டயும் சத்தியம் வாங்கியாச்சு. நீங்க பண்ணுங்க."

பண்ணினார். உயிலில் கையெழுத்துப் போடுகிறவர் முகம் மாதிரி இருந்தது. எனக்கு உள்ளூரச் சந்தோஷம். ஒரு நாளாவது இந்த வாய்க்குப் பூட்டு விழுந்ததே என்று நினைத்தேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

அவர்கள் மத்தியானம் வந்தார்கள். மேட்ரன் அம்மா வெள்ளைச் சேலையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பையன் அவர் பக்கத்தில். பாய்லர்காரர் தலையைப் படிய வாரிக்கொண்டு என் வீட்டுக்காரருக்கு எதிரே உட்கார்ந்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். அதோடு சரி.

நான் சோறு போட்டேன். மகள் பரிமாறினாள். ஸ்பூன் சத்தம் கேட்டது, மின்விசிறிச் சத்தம் கேட்டது. இரண்டு பேரிடமிருந்தும் ஒரு முனகல்கூட இல்லை. பாய்லர்காரர் ஒருமுறை வாயைத் திறந்தார், பையன் முறைத்தான், மூடிக்கொண்டார். என் வீட்டுக்காரர் எதிர்ச் சுவரிலிருந்த நாள்காட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருஷம் தினமும் பேசிக்கொண்ட இந்த இரண்டு பேருக்கும் பேச வேறு விஷயமே கிடையாது. இவருக்கு எத்தனை பிள்ளை என்று அவருக்குத் தெரியாது. அவர் மனைவி எப்படி இறந்தாள் என்று இவருக்குத் தெரியாது. கேட்டதே இல்லை. ஆனால் சோபர்ஸ் எந்தக் கையால் பந்து போடுவார் என்று தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வார்கள். இந்த ஆண்களை என்னவென்று சொல்வது?

"உங்களுக்கு வேலை எப்படி?" என்று கடைசியில் என் வீட்டுக்காரர் கேட்டார். நீங்க, வாங்க என்று மரியாதை வேறு. அதே ஆஸ்பத்திரியில் தினமும் பார்க்கிற ஆளிடம்!

"போகுதுங்க" என்றார் பாய்லர்காரர்.

மறுபடியும் மின்விசிறி.

மேட்ரன் அம்மா கை கழுவிவிட்டு வந்து உட்காரவில்லை. கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். என் மகள் முகம் வெளிறிவிட்டது.

"சாப்பாடு நல்லா இருந்துச்சும்மா" என்றார் என்னிடம். "ஆனா நான் உள்ளதைச் சொல்றேன், தப்பா எடுத்துக்காதே. வார்டுல கத்துற நோயாளியைப் பத்தி நான் கவலைப்பட்டதே இல்ல. சத்தமே போடாம சுவத்தைப் பாத்துப் படுத்திருக்கிறவனைத்தான் அடிக்கடி போய்ப் பாப்பேன். இந்த ரெண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாக்க மாட்டேங்கிறாங்க. மனசுல என்ன வன்மமோ? அன்னிக்கு விருந்துல நடந்தது வெறும் விளையாட்டுச் சண்டைன்னு நினைச்சேன். அது இல்ல போலிருக்கு. இந்தக் கசப்புக்கு நடுவுல பிள்ளைங்களைத் தள்ள நான் தயாரா இல்ல."

"அத்தை, அது வந்து..." என்றான் பையன்.

"நீ சும்மா இரு. உனக்கு இப்ப எல்லாம் நல்லாத்தான் தெரியும்."

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். வாயைத் திறக்க வேண்டிய நேரத்தில் சத்தியத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார், அரிச்சந்திரன் பேரன். பாய்லர்காரர் தட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். என் மகள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கண்ணில் நீர் திரண்டதைப் பார்த்ததும் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு இரண்டு பேர் தலையிலும் குழம்பைக் கவிழ்த்திருப்பேன்.

சத்தியம் பண்ணியது அவர்கள். நான் யாருக்கும் எந்தச் சத்தியமும் பண்ணவில்லை.

ஆனால் எதைச் சொல்வது? பிராட்மனைப் பழித்தால் இவர் மட்டும் எழுவார், அவர் கைதட்டுவார். சோபர்ஸைப் பழித்தால் நேர்மாறு. பழைய சண்டைதான் மறுபடி நடக்கும், மேட்ரன் அம்மா காட்டுமிராண்டிகள் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். இரண்டு பேருக்கும் ஒரே இடத்தில் சுட வேண்டும். அந்த இடம் எதுவென்று எனக்குத் தெரியும். பலகைக்குப் பின்னால் சும்மாவா நின்றேன்?

தட்டுகளை அடுக்கியபடியே, ஒன்றும் தெரியாதவள் மாதிரி மேட்ரன் அம்மாவிடம் சொன்னேன். "விடுங்கக்கா. இவங்க ரெண்டு பேருக்கும் இந்த டெஸ்ட் மேட்ச்னு ஒரு கிறுக்கு. அதனால வந்த வினை. அஞ்சு நாள் ஆடுறாங்களாம், கடைசியில யாரும் ஜெயிக்கலையாம். அதுக்குப் பேர் ஒரு ஆட்டமா? நிஜமான ஆட்டக்காரன்னா இருபது ஓவர்ல முடிச்சிட்டு வீட்டுக்குப் போறவன்தானே? அஞ்சு நாள் நிக்கிறவன் எல்லாம் அடிக்கத் தெரியாதவன்."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தலை நிமிர்ந்தார்கள்.

"என்ன சொன்னே?" என்றார் என் வீட்டுக்காரர்.

"என்ன தங்கச்சி சொல்றே நீ!" என்று பாய்லர்காரர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"அடிக்கத் தெரியாதவனா? டேய், கேட்டியாடா இதை?" இது என் வீட்டுக்காரர்.

"கேட்டேன்டா! நீ சொல்லு முதல்ல. இல்ல, நான் சொல்றேன். தங்கச்சி, காலையில ஒரு பந்து எப்படி வரும், மூணாம் நாள் சாயந்திரம் அதே பந்து எப்படி வரும், தெரியுமா உனக்கு?"

"அஞ்சாம் நாளைச் சொல்லுடா! அஞ்சாம் நாள் மண்ணு வெடிச்சிருக்கும். பந்து எங்க குத்தும், எங்க திரும்பும்னு போடுறவனுக்கே தெரியாது!"

"அதான்! அப்ப நிக்கிறான் பாரு ஒருத்தன்..."

"கடைசி ஜோடி!"

"கடைசி ஜோடி! பேட் பிடிக்கவே தெரியாதவன்!"

ஒருவர் பாதியில் விட்ட வாக்கியத்தை இன்னொருவர் எடுத்து முடித்தார். சாப்பாட்டு மேசையில் உப்பு டப்பா ஸ்டம்ப் ஆனது, ஊறுகாய்ப் பாட்டில் விக்கெட் கீப்பர் ஆனது. பாய்லர்காரர் கரண்டியால் தடுத்துக் காட்டினார். என் வீட்டுக்காரர் ஆரஞ்சுப் பழத்தை உருட்டிவிட்டார். நான் நடு நடுவே "அதெல்லாம் சும்மா", "பொழுது போகாத வேலை" என்று எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவையும் இரண்டு பேரும் சேர்ந்து என்மேல் பாய்ந்தார்கள். என்னை மடக்குவதற்காக பிராட்மன் கட்சிக்காரர் சோபர்ஸை உதாரணம் காட்டினார். சோபர்ஸ் கட்சிக்காரர் பிராட்மனைக் காட்டினார். நான் காது குளிரக் கேட்டேன்.

மேட்ரன் அம்மா கைப்பையோடு நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்ல நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது, அதற்கு முன்னால் அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

"என் தம்பி தினமும் வீட்டுக்கு வந்து 'இன்னிக்கு அந்த லிஃப்ட்காரன் என்ன சொன்னான் தெரியுமாக்கா'ன்னு ஆரம்பிப்பான்" என்றார். "எனக்குத்தான் புத்தி போகலை. இவங்க ரெண்டு பேருக்கும் கல்யாணம் ஆகி எத்தனையோ வருஷம் ஆச்சும்மா. இனிமே பிள்ளைங்களுக்குப் பண்ணினா போதும்."

என் மகள் கதவு நிலையை விட்டுவிட்டு உள்ளே ஓடினாள், அழத்தான். பையன் யார் அனுமதியும் கேட்காமல் பின்னாலேயே போனான். ஆண்கள் இருவரும் இதைக் கவனிக்கவே இல்லை. அந்த நேரத்தில் அவர்களுடைய மேசை மைதானத்தில் மழை வந்து ஆட்டம் நின்றுவிட்டது.

வெயில் சாயும்போது அவர்கள் கிளம்பினார்கள். நான் பாத்திரம் கழுவ உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் சமையலறை வாசலில் நிழல் விழுந்தது. தண்ணீர் குடிக்க வந்திருப்பார் என்று நினைத்தேன். அவர் தண்ணீர் எடுக்கவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு எனக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். கண் இரண்டும் பளபளத்தன.

"நீ அப்படி நினைச்சுட்டு இருக்கக் கூடாது" என்றார். "மேட்ச் டிரா ஆச்சுன்னா அது தோல்வி இல்ல. ஜெயிக்க முடியாதுன்னு காலையிலேயே தெரிஞ்சுபோச்சு. ஆனாலும் ஒருத்தன் போய் நிக்கிறான். யாரும் கைதட்டல. பந்து உடம்புல படுது. அவன் பாட்டுக்கு நாள் முழுக்க நிக்கிறான். அவன்தான் ஆட்டக்காரன். புரியுதா?"

இந்த வீட்டில் அப்படி நிற்பதைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்க வந்துவிட்டார், பெரிய மனுஷன். கையிலிருந்த பாத்திரத்தை அவர் தலையில் போட வேண்டும் போல் இருந்தது. எனக்கு எல்லாம் தெரியும். பிராட்மனைக் கடைசியாக பூஜ்யத்தில் வெளியேற்றிய ஹாலிஸ் வரைக்கும் தெரியும். தெரியும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், "ம்" என்று சொல்லிவிட்டு எழுந்து டிவிக்கு முன்னால் போய்விடுவார்.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் என்ன சொல்லப்போகிறேன் என்று. கல்யாணம் ஆனதிலிருந்து அப்படிப் பார்த்ததில்லை.

குழாயை மூடினேன்.

"புரியலங்க" என்றேன். "முதல்லேருந்து சொல்லுங்க."